இரண்டு மாதத்தில் தேய்ந்த தோல்

பம்பு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். "எத்தனை வருஷம் உழைக்கும்?" என் முதலாளி யோசிக்கவே மாட்டார். "உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும் சாமி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்ட வேண்டும். ஆட்டுவேன். ஆனால் பம்பைப் பொருத்துவதற்கு வீட்டுக்குப் போனதும் உண்மையைச் சொல்லிவிடுவேன். இரும்புக் கூடு இருபது வருஷம் தாங்கும். கைப்பிடி ஆடுகிற முளை மூன்று நான்கு வருஷம். உள்ளே மேலும் கீழும் போய் வருகிற தோல் வாசர்தான் முதலில் போகும். விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டால் ஒரு வருஷம். கிணற்றில் மணல் இருந்தால் ஆறு மாதம்.

ஒரே ஒரு வீட்டில் அது இரண்டே மாதத்தில் தேய்ந்தது. அந்த வீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் கொள்ளேகால் பக்கத்துக்காரன். அப்போது கொள்ளேகால் வெள்ளைக்காரன் சீமையில் கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. மைசூரோ மகாராஜாவின் ஊர். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து, தேவராஜ மொஹல்லாவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் பம்பு பொருத்துகிற வேலையில் சேர்ந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். கரண்டு மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிற வீடுகள் ஊரில் இருந்தன என்றாலும் யுத்தத்தில் மோட்டார் கப்பல் ஏறி வருவது நின்றுபோயிருந்தது. அதனால் கையால் அடிக்கிற பம்புக்கு அத்தனை கிராக்கி. எனக்கு முப்பது வயது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நானும் என் மனைவியும் இருந்தோம்.

நஞ்சன்கூடு போகிற சாலையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், ஒரு மர காண்டிராக்டர் மாடி வீடு கட்டியிருந்தார். குழாய்த் தண்ணீர் அங்கே வராது. பின்கட்டில் நல்ல கிணறு. இருபது அடியில் தண்ணீர். கிணற்றங்கரையில் கல் பாவி அதன்மேல் பம்பை இருத்தி, குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, மொட்டை மாடித் தொட்டிவரை இன்னொரு குழாய் ஏற்றிக் கொடுத்தேன். முந்நூறு தடவை அடித்தால் தொட்டி நிரம்பிவிடும். அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். காண்டிராக்டர், அவர் சம்சாரம், சமையலுக்கு ஒரு கிழவி. ஒரு நாளைக்கு ஒரு தொட்டி தாராளம்.

காண்டிராக்டருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாட்டசாட்டமான ஆள், வெள்ளைச் சட்டை, மோதிர விரலில் சிவப்புக் கல். ஊரில் நல்ல பேர். கோயிலுக்குத் தேர்க்கட்டை கொடுத்தவர். தமிழர்தான், ஆனால் பேச்சில் பாதி கன்னடம். முதல்நாள் நான் பம்பை அடித்துக் காட்டியபோது பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷம் பாளிகே வரும்?" என்று கேட்டார். உழைப்புக்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

சொன்னேன். தோல் ஒரு வருஷம், முளை மூன்று நான்கு வருஷம், கூடு இருபது.

"ஒரு பொம்பளை அடிக்க முடியுமா இதை?"

"முடியுமுங்க. கொஞ்சம் கனமா இருக்கும்."

"கனமா இருந்தா பரவாயில்லை" என்றார்.

அவர் சம்சாரம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் பேச்சைக் கேட்டதும் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். எங்கள் கொள்ளேகாலை அடுத்த அனூர்ப் பக்கம் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழுந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் ஆள் வந்தது. பம்பு தண்ணீர் ஏற்றவில்லையாம். போய்த் திறந்து பார்த்தேன். தோல் பிய்ந்து நாராகக் கிடந்தது. மணலாக இருக்கும் என்று நினைத்து வேறு தோல் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் மறுபடியும் ஆள்.

இந்தத் தடவை காண்டிராக்டர் பின்கட்டில் காத்திருந்தார். நான் பையைக் கீழே வைத்துக் குனிந்தேன். சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"லோ, ஒரு வருஷம்னு சொன்னியல்ல? எண்ணு. இது எத்தனாவது மாசம்?"

"நாலாவதுங்க. கிணத்துல மணலு..."

அறைந்தார். மோதிரக் கை. இடது காதுக்குள் மணி அடித்ததுபோல் ஒரு சத்தம் எழுந்து அது நிற்கவே இல்லை. நான் சுதாரிப்பதற்குள் இரண்டாவது அறை. கிழவி பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நான் திருப்பி ஒன்றும் செய்யவில்லை. கை கட்டி நின்றேன். அப்படித்தான் நிற்பேன் அப்போதெல்லாம்.

"என் பொண்டாட்டி மேலே நான் ஒரு நாளும் கை வெச்சதில்லை, கேட்டுப் பாரு" என்றார் அவர், மூச்சு வாங்க. "பொம்பளையை அடிக்கிறவன் மனுஷனே இல்லை. ஆனா ஏமாத்தற வேலைக்காரனை விடமாட்டேன்."

அன்று வேலையை முடித்து வீட்டுக்குப் போனேன். என் மனைவி சோறு போட்டாள். ஆறிப்போன சோறு. நான் நேரம் கழித்து வந்ததால் ஆறியது, அவள் தப்பு ஒன்றுமில்லை. தட்டைத் தள்ளிவிட்டு அவளைக் கன்னத்தில் அறைந்தேன். அவள் அழவில்லை. சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளினாள். அள்ளும்போது என் வீங்கிய உதட்டைப் பார்த்தாள். யார் அடித்தது என்று கேட்கவில்லை.

மூன்றாவது தடவை போகும்போது ஒரு முடிவோடு போனேன். மணலா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். காண்டிராக்டர் காட்டுக்கு மரம் வெட்டும் இடத்துக்குப் போயிருந்தார், மூன்று நாள் வரமாட்டார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. குழாயின் அடிவாயிலில் ஒரு குருணை மணல் இல்லை.

மேலே வந்து பம்பை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கைப்பிடி முளை உருண்டையாக இருந்தது நான் போட்டபோது. இப்போது முட்டை மாதிரி தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தோலைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாளைக்கு முந்நூறு அடித்தால் ஒரு வருஷம். இரண்டு மாதத்தில் போகிறதென்றால் நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. மூன்று பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு தண்ணீரை என்ன செய்கிறார்கள்?

அண்ணாந்து பார்த்தேன். தொட்டி நிரம்பினால் வழிவதற்கு மாடியில் ஒரு குழாய் வைத்திருந்தேன். சுவர் நெடுக அது பச்சையாய் இறங்கியிருந்தது. கீழே, பம்புக்கும் கிணற்றுக்கும் நடுவே, கல்லெல்லாம் பாசி. வெயில் கொளுத்துகிற பங்குனி மாதத்தில் கால் வழுக்குகிற பாசி. தொட்டி நிரம்பி வழிய வழிய யாரோ அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கைப்பிடியைப் பார்த்தேன். அதில் ஒரு பழைய துணி சுற்றியிருந்தது. துணியின் நிறம் முதலில் எதுவோ, இப்போது காய்ந்த ரத்தத்தின் நிறம்.

நிமிர்ந்தால் அந்த அம்மாள் கதவருகே நின்றிருந்தார்.

"அம்மிணி, கையைக் காட்டுங்க" என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

காட்டினார். உள்ளங்கையில் தோலே இல்லை. கொப்புளம் உடைந்து, அதன்மேல் கொப்புளம் போட்டு, அதுவும் உடைந்து, விரல் கணுக்களெல்லாம் வீங்கி விரல்கள் பாதி மடங்கியபடியே, நீட்டவும் மடக்கவும் வராமல் நின்றன.

"ஒரு தப்புக்கு ஐநூறுங்ணா" என்றார். "காப்பி ஆறிப் போனா ஐநூறு. சட்டையில மடிப்பு விழுந்தா ஐநூறு. கொழந்தை இல்லைன்னு அவங்க அம்மா கடுதாசி போட்டா ஆயிரம். நாற்காலி போட்டு உக்காந்து எண்ணுவாரு. நடுவுல நின்னா முதல்ல இருந்து."

நான் புதுத் தோலை எடுத்து எண்ணெயில் முக்கினேன்.

"வேண்டாமுங்ணா, எண்ணெயில முக்காதீங்க." அவர் குரல் இறங்கியது. "சீக்கிரம் கிழியற தோலாப் போடுங்க. அது ஓடாத அன்னிக்குத்தான் நான் சோத்தைக் கையில எடுத்துத் தின்னறேன்."

இத்தனை வருஷத்தில் நீடித்து உழைக்க வேண்டும் என்று கேட்காமல், சீக்கிரம் கெட வேண்டும் என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். மாட்டுத் தோலில் முதுகுப் பக்கம்தான் வாசருக்கு வெட்டுவோம். வயிற்றுப் பக்கத் தோல் சவசவவென்று இருக்கும், தூக்கி எறிந்துவிடுவோம். என் பையில் ஒரு துண்டு கிடந்தது. அதை வெட்டி, எண்ணெய் காட்டாமல், வறட்சியாகவே போட்டேன். பத்து நாளில் கிழிந்தது. ஆள் வந்தபோது கடையில் சாமான் இல்லை, யுத்தம், பெங்களூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி எட்டு நாள் தள்ளினேன். மறுபடி வயிற்றுத் தோல். மறுபடி பத்து நாள்.

எனக்குள் ஒரு பெருமைகூட வந்துவிட்டது. ஒரு நாள் அதை என் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாளின் கையைப் பற்றி, காண்டிராக்டர் நாற்காலி போட்டு எண்ணுவதைப் பற்றி, நான் செய்கிற தந்திரத்தைப் பற்றி. "என்ன மனுஷன் அவன்!" என்று முடித்தேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுஷன் கையே வெக்கலை. நீங்க வெச்சீங்க. ரெண்டுல எது தேவலைன்னு அந்தக்காவைக் கேட்டுட்டு வாங்க."

எனக்குக் கோபம் வந்தது. கை எழுந்தது என்றே சொல்ல வேண்டும். அவள் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். கையை இறக்கி வெளியே போய், மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அவர் அறைந்த அறை என் கன்னத்திலிருந்து நேராக இவள் கன்னத்துக்கு வந்திருக்கிறது, நடுவில் நான் வெறும் குழாய்போல் இருந்திருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நாளைக்கு நீங்க தோல் மாத்தப் போறப்ப நானும் வர்றேன் அந்த வீட்டுக்கு" என்றாள் அவளே. நான் வேண்டாம் என்றேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். காண்டிராக்டர் வெளியே போயிருந்தார். கிழவி சந்தைக்குப் போயிருந்தாள். தேய்ந்த முளையையும் மாற்றிவிடலாம் என்று கைப்பிடியைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தேன். முழங்கை நீளத்துக்கும் மேலான வார்ப்பிரும்பு. பைப் பிடிக்கிற ரிஞ்சு பக்கத்தில் கிடந்தது. அந்த அம்மாள் படியில் உட்கார்ந்து ஊரில் மழை பெய்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

முன்கதவு திறந்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்கு வந்தது. காண்டிராக்டரின் கையில் கிழிந்த தோல் ஒன்று இருந்தது. போன தடவை நான் கழற்றிப் போட்டது.

"மார்க்கெட்ல வேற பிட்டர் கிட்ட காட்டினேன்" என்றார் அமைதியாக. "வயித்துத் தோலாம். வேலை தெரிஞ்சவன் யாரும் போடமாட்டானாம். வேணும்னே போட்டாத்தான் உண்டாம்." சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லி இவன் போட்டானா, இவன் சொல்லி நீ கேட்டியா?"

நான்தான் வாயைத் திறந்தேன்.

"நானாத்தான் போட்டனுங்க. அம்மிணி கையைப் பார்த்தேன். அதான்."

காண்டிராக்டர் குனிந்து கைப்பிடியை எடுத்ததை நான் பார்த்தேன். எதற்கு எடுக்கிறார் என்று புரியவில்லை, அவ்வளவு நிதானமாக எடுத்தார். முதல் வீச்சு தலைக்கு வந்தது. இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. வலி பிறகுதான் வந்தது. இரண்டாவது வீச்சு தோளில். நான் பம்போடு சேர்ந்து சரிந்தேன். மூன்றாவதாக ஓங்கினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, விறகு பிளக்கிறவனின் முகம் அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாள் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். மடங்காத விரல்களால் பிடிக்க முடியாமல் இரண்டு முழங்கைகளையும் கோத்துத் தொங்கினார். காண்டிராக்டர் உதறினார். அம்மாள் கல்லில் போய் விழுந்து நெற்றி பிளந்தது. அவர் கைப்பிடியோடு அந்தப் பக்கம் திரும்பினார். கை வைக்காதவர் அன்று கை வைக்கத் துணிந்துவிட்டார்.

அம்மாள் விழுந்த இடத்தில்தான் ரிஞ்சு கிடந்தது. எழுந்திருக்காமலே, உட்கார்ந்தபடி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அதை இடுக்கி, அவர் முழங்காலில் வீசினார். நல்ல அடி. அவர் அலறிக்கொண்டு பின்னால் ஓரடி வைத்தார். வைத்த இடம் பாசி. குதிகால் வழுக்கியது. கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம்தான். மல்லாந்து அப்படியே உள்ளே போனார். குழாயில் எதுவோ மோதுகிற சத்தம், அப்புறம் தண்ணீர் அறைகிற சத்தம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வசவு வந்தது. கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி. உயிரோடுதான் இருந்தார். நான் ஊர்ந்து போய் எட்டிப் பார்த்தேன். பம்புக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மார்வரை தண்ணீரில் தொங்கினார். ஒரு கால் கோணலாக மிதந்தது.

"அம்மிணி, கயிறு" என்றேன். என் இடது கை தோளிலிருந்து தனியாக ஆடியது. என்னால் எதையும் தூக்க முடியாது.

அம்மாள் வந்து சுவர் ஓரமாக நின்று கீழே பார்த்தார். நெற்றி ரத்தம் மூக்கு வழியாக இறங்கிக் கிணற்றில் சொட்டியது. பிறகு வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

காண்டிராக்டர் கத்தினார். கொன்றுவிடுவதாகச் சொன்னார். அம்மாள் வேகம் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கைப்பிடி மேலே போய்க் கீழே வருகிற நிதானத்தில் எண்ணினார். நூறு தாண்டியபோது வசவு நின்றது. இருநூறில் கெஞ்சல் வந்தது. பேர் சொல்லி அழைத்தார், தாயே என்றார், தங்கமே என்றார். முந்நூறுக்கு மேல் பல் கிட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பம்பில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆள் கை நழுவி முழுகியிருந்தால் நானும் கொலைக்குப் பாத்தியப்பட்டவன். எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர் சாகக் கூடாது என்று இருந்தது. ஆனால் எண்ணிக்கை ஐநூறு ஆக வேண்டும் என்றும் இருந்தது.

ஐநூறு வந்ததும் அம்மாள் நிறுத்தினார். தோண்டிக் கயிற்றை எடுத்துத் தூணில் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கிக் கிணற்றுக்குள் விட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டார். வாசலுக்குப் போய், சாலையில் கரும்பு ஏற்றிக்கொண்டு போன இரண்டு வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, "கிணத்துல ஆள் விழுந்துட்டாரு, தூக்கி விடுங்க" என்றார். அவர்கள் உள்ளே ஓடினார்கள். அவரும் நானும் வெளியே நடந்தோம்.

என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் வாசலில் பார்த்தாள். முதலில் அந்த அம்மாளை உட்கார வைத்து நெற்றியில் துணி கட்டினாள், பிறகுதான் என் பக்கம் வந்தாள். எலும்பு கட்டுகிற ஒருவரிடம் கூட்டிப் போனாள். அவர் இழுத்துக் கட்டும்போது நான் போட்ட கூச்சல் மார்க்கெட் வரை கேட்டதாம். கை ஒட்டிக்கொண்டது, ஆனால் கோணலாக.

போலீஸ் வரும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தோம். வரவில்லை. பாசியில் வழுக்கி விழுந்ததாகக் காண்டிராக்டர் ஊருக்குச் சொல்லிவிட்டார். பெண்டாட்டி கையால் அடிபட்டு விழுந்தேன் என்று அவர் எப்படிச் சொல்வார்? வழுக்கியது பொய்யும் இல்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

ஐந்தாம் நாள் என் முதலாளி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அந்தம்மாவை மரியாதையா வீட்டுக்கு அனுப்பிடு. அவர் எனக்குப் பழைய வாடிக்கை. இல்லேன்னா கடைப் பக்கம் வராதே."

நான் எழுந்திருப்பதற்குள் என் மனைவி முன்னால் போனாள். "உள்ளே வந்து அந்தக்கா கையைப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவர் உள்ளே வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் வேலை அன்றோடு போயிற்று.

ஒன்பது நாள் அந்த ஒற்றை அறையில் மூன்று பேரும் இருந்தோம். என் மனைவி அவருக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். நான் வெளியே படியில் படுத்தேன். பத்தாம் நாள் அவருடைய அண்ணன் அனூரிலிருந்து வந்து சேர்ந்தார். நாங்கள் போட்ட கடுதாசிக்கு முன்னாலேயே காண்டிராக்டரின் கடுதாசி அவருக்குப் போயிருந்தது. வந்த வேகத்தில் தங்கையின் கூந்தலைப் பிடித்து எழுப்பினார்.

"புருசனை அடிச்சுக் கெணத்துல தள்ளற அளவுக்கு ஆயிட்டியா? ஊர்ல என்ற மூஞ்சிய எங்க கொண்டு வெக்கறது?"

ஓங்கிய கைக்குக் கீழே என் மனைவி புகுந்துகொண்டாள். அவள் ஒல்லியான உடம்புக்காரி. அவர் கையால் தள்ளினாலே போய் விழுந்துவிடுவாள். "முதல்ல என்னை அடிங்க" என்றாள். "எனக்குப் பழக்கந்தான்."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னதுதான் என்னைக் கொன்றது. அந்த அண்ணனும் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் என் மனைவி பின்னால் கையை நீட்டி அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து, கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

அவர் பார்த்தார். கூந்தலை விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து தன் கைகளால் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, எங்கள் அருவாமனையைத் தூக்கிக்கொண்டு, "ஆசுபத்திரி எங்க இருக்குதுங்க?" என்று என்னைக் கேட்டார். நானும் அவரும் மூன்று கைகளோடு மல்லுக்கட்டியதில் அருவாமனை என் பாதத்தைக் கீறியது.

"விடுண்ணா" என்றார் அவர் தங்கை, படுத்திருந்த பாயிலிருந்து. "நான் எண்ணி முடிச்சுட்டேன். ஊருக்குக் கூட்டிட்டுப் போ."

அடுத்த நாள் காலை சாமராஜநகர் ரயிலில் ஏற்றிவிட்டோம். அங்கிருந்து பஸ்ஸோ வண்டியோ பிடித்து அவர்கள் ஊர் சேர வேண்டும். படிக் கம்பியை அவரால் பிடிக்க முடியவில்லை. என் மனைவி பின்னாலிருந்து தூக்கி ஏற்றினாள்.

நான் பிறகு ஒரு நூல் மில்லில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கோணல் கையோடு செய்ய முடிகிற வேலை. காண்டிராக்டர் தடியூன்றி நடந்தார். கோயில் காரியங்களில் முன்வரிசையிலேயே நின்றார். ஒரு தடவை தேரடியில் எதிரில் வந்தார். நான் ஒதுங்கவில்லை. அவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

யுத்தம் முடிந்த சமயம், அந்த அண்ணன் மாட்டு வண்டியில் புளி மூட்டைகளோடு மார்க்கெட்டுக்கு வந்தவர் எங்கள் அறையைத் தேடிப்பிடித்து வந்தார். ஒரு கூடை புளி கொண்டுவந்து வைத்தார். காண்டிராக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பி அழைத்ததாகவும், இரண்டாம் முறை வந்தவனைத் தாமே மாட்டுச் சாட்டையால் எல்லைவரை விரட்டியதாகவும் சொன்னார். என் மனைவி தங்கையைப் பற்றி விசாரித்தாள்.

"பட்டுப்புழு வளக்கறமுங்க. இலை பறிக்கறது, தட்டுக்குப் போடறது எல்லாம் அவதான்" என்றார். "விரலு மடங்கறதில்லை. துணி பிழிய வராது. எங்க வீட்டுக்காரி பிழிஞ்சு தருவா."

காப்பி குடித்துவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்தார். என் மனைவி வாளியை எடுத்தாள். நான் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன்.